வெள்ளிக்கிழமைக்குத் தடம் இல்லை

டிராஃபிக் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், பஸ் ஸ்டாண்டில் ஏன் இவ்வளவு நெரிசல் என்று என்னிடம் நியாயம் கேட்டவர்கள் தஞ்சாவூரில் உண்டு. நான் பார்த்த டிராஃபிக் கம்பிக்குள் ஓடுவது. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவே ஒரே சமயத்தில் எத்தனை பேர் தொலைபேசியில் பேசலாம், அந்தப் பேச்சு எந்த வழியாகப் போகலாம், வழி நிறைந்துவிட்டால் எங்கே திருப்பிவிடலாம் என்று தீர்மானிப்பதற்காக அரசாங்கம் எனக்குப் பணிக்காலம் முழுவதும் சம்பளம் கொடுத்தது. தீர்மானித்தது நான் என்று நினைத்துவிட வேண்டாம். தீர்மானித்தது கையேடு. அதன் பத்திகளை எண்ணோடு சொல்லத் தெரிந்தவன் நான், அவ்வளவுதான்.

கையேட்டின் முறை எளிமையானது. சாதாரண வேலைநாள் ஒன்றில், நெரிசல் மிகுந்த நேரத்தில் ஒரு தடம், அதாவது இரண்டு ஊருக்கு நடுவே உள்ள வழி, எவ்வளவு சுமக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஏற்ப இணைப்புகளைக் கூட்டலாம், குறைக்கலாம். நெரிசல் நேரம் முற்பகல் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. சாதாரண நாளாக எங்கள் கோட்டத்தில் செவ்வாய்க்கிழமையை வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமையில் நல்ல காரியம் எதையும் வாயெடுத்துப் பேசாத ஜில்லாவில், பேச்சை அளக்க அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர் யாரென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை வைத்த பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. தாராளமயம் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நாகூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் வீட்டுக்கு ஓர் ஆண் வளைகுடா நாடுகளில் இருந்தார். வீடுகளில் போன் இல்லை. கேட்டு விண்ணப்பித்தவர்களின் பிள்ளைகளும் வளர்ந்து விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஊர் முழுவதற்கும் அழைப்பு வருவது ஒரு மளிகைக்கடைக்கு. கடைக்காரர் பெண்களுக்குப் பெஞ்சு போட்டு, நடுவே துணி கட்டி, பூத்து நடத்தினார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அங்கே ஜும்மா தொழுகை முடிந்ததும் எல்லோரும் டவுனுக்கு வந்து வரிசையில் நின்று ஊருக்குப் போன் போடுவார்கள். நமக்கு அது பிற்பகல். தஞ்சாவூரிலிருந்து அந்த ஊருக்குப் போகும் தடம் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். மற்றவர்களின் அழைப்பு, வெளிநாட்டு அழைப்புகள் வந்து இறங்கும் மெட்ராஸிலேயே திருப்பி அனுப்பப்படும். அப்படித் திரும்பிய அழைப்பு எங்கள் மீட்டரில் விழாது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கதவுக்கு வெளியே நிற்பவர்கள் யாருமில்லை என்று எழுதுகிற கணக்கு அது.

அந்தக் கடைக்காரர் ஒரு மார்கழிக் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மனு கொடுக்க முன்பே இரண்டு முறை வந்தவர்.

"வாங்க பாய், உக்காருங்க. இன்னும் ஒண்ணும் ஆகல."

"ஆகாதுன்னு தெரியும் சார். கடைமடைக்கு எப்ப தண்ணி வந்துச்சு, லைன் வர்றதுக்கு? இது வேற விஷயம். எங்க அக்கா மக நிக்காஹ்."

"நல்ல விஷயம்தானே."

"மாப்பிள்ளை பாத்தது மச்சானோட அண்ணன். புள்ளையோட வாப்பா மச்சான்தான், வெளிநாட்டுல இருக்காரு. லீவு இல்ல, பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட இருக்கு. அண்ணனுக்கு அதிகாரம் குடுத்துக் கடுதாசி எழுதிட்டாரு. ஆனா ஒண்ணு சொல்லிட்டாரு. புள்ள அவ வாயால என்கிட்ட சரின்னு சொல்லணும், சொல்லலைன்னா கல்யாணத்த நிறுத்துன்னு."

"புள்ள என்ன சொல்லுது?"

அவர் மேஜை விளிம்பைத் தடவினார். "காலேஜுல ரெண்டாவது வருஷம் சார். முடிச்சிட்டுப் பண்ணிக்கிறேங்குது. மாப்பிள்ளை பாத்த பெரியத்தாகிட்ட சொல்ல பயம். வாப்பாகிட்ட சொல்லிடுறேன் மாமா, வாப்பா கேப்பாங்கன்னு சொல்லுது. போன வெள்ளி லைன் கிடைக்கல. அதுக்கு முந்தின வெள்ளியும் கிடைக்கல. அவரு இருக்கிறது பாலைவனத்துல கேம்பு. அங்க போன் கிடையாது, கடுதாசி போய்ச் சேர ஒரு மாசம். வெள்ளிக்கிழமைதான் லாரியில டவுனுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"நிக்காஹ் என்னைக்கு?"

"தை மாசம். அதுவும் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்பறம். அதுக்கு முன்னாடி ஒரு அழைப்பு வந்தாப் போதும் சார்."

நான் கோட்டப் பொறியாளரிடம் போனேன். மரியாதை தெரிந்தவர். மறுக்கும்போதுகூட உட்காரச் சொல்வார். வெள்ளிக்கிழமை அளந்து பார்க்க வேண்டும் என்றேன். ஆச்சரியம், ஒப்புக்கொண்டார். அளந்தார்கள். எப்போது? கையேட்டில் உள்ள முற்பகல் நேரத்தில். வெள்ளிக்கிழமை முற்பகல் ராகுகாலம். தஞ்சாவூர் மண்டிக்காரர் எவரும் அந்த நேரத்தில் ஆர்டர் சொல்வதில்லை. அந்தக் கடற்கரை ஊரிலோ அப்போது கடைகளைச் சாத்திவிட்டுக் குளித்துப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இந்த முனையிலும் பேச்சில்லை, அந்த முனையிலும் பேச்சில்லை. செவ்வாய்க்கிழமையைவிட வெள்ளிக்கிழமை சுமை குறைவு என்று முடிவு வந்தது. இணைப்புகளைக் குறைக்கலாமா என்று ஒரு விசாரணைக் குறிப்பும் கூடவே வந்தது.

"பாத்தீங்களா, நீங்க சொன்னதுக்கு நேர் மாறா இருக்கு" என்றார் கோட்டப் பொறியாளர்.

"மத்தியானம் அளக்கணும் சார்."

"மத்தியானம் நெரிசல் நேரமே இல்லையே. நெரிசல் இல்லாத நேரத்துல நெரிசலை எப்படி அளக்கிறது?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

ஒரு வழி மீதமிருந்தது. விசேஷ காலங்களில் ஒரு தடத்துக்குத் தற்காலிகமாகக் கூடுதல் இணைப்பு தரலாம். நாகூர் கந்தூரிக்குக் கொடுப்போம், வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொடுப்போம். கலெக்டர் கடிதம் வந்தால் போதும். தை மாதம் திருவையாற்றில் ஆராதனை. அதற்கும் கொடுத்திருந்தோம். நிக்காஹ் அந்த வாரத்தில்தான் விழுந்தது. கம்பி வழி இரண்டு ஊருக்கும் தாராளமாக இருந்தது. தட்டுப்பாடு, தஞ்சாவூர் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக்கு ஒன்று என்று செருகும் கார்டுகளுக்கு மட்டுமே. ஒரு வரிசையிலிருந்து கழற்றி மறு வரிசையில் செருகுவது காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மட்டும் மாத்தித் தாங்க சார். சாயங்காலம் திரும்பப் போட்டுடலாம்."

"என்ன விசேஷம்னு எழுதறது?"

"வெள்ளிக்கிழமைன்னுதான்."

அவர் சிரித்தார். "வாராவாரம் வர்றது எப்படிய்யா விசேஷமாகும்? நாளைக்குச் சந்தை நாளுக்கு ஒருத்தன் கேப்பான், அமாவாசைக்கு ஒருத்தன் கேப்பான்."

"கச்சேரி நடக்கறப்ப திருவையாத்துல யாரு சார் போன் பேசப் போறாங்க?"

"பேச மாட்டாங்கதான். ஆனா மந்திரி வர்றார். அவருக்குப் பேசணும்னு தோணி, லைன் இல்லைன்னு வைங்க. உங்களுக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்தாச்சு. எனக்கு அப்படி இல்ல."

எழுத்தில் கொடுத்தேன். ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அரசாங்கத்தின் மொழியில் பார்ப்பது என்பது ஒரு செயல். அதற்கு மேல் எதுவும் செய்யத் தேவையில்லை. கார்டை நானே மாற்றியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கார்டுகள் இருக்கும் அறை வேறு பிரிவுடையது. அதன் சாவி என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. சாவி வைத்திருந்தவரிடம் கேட்டேன். ஆர்டர் காட்டுங்க, திறக்கிறேன் என்றார். நியாயம்தான்.

நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளிலும் அழைப்பு வரவில்லை. நிக்காஹ் நாளான வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றேன். கடற்கரை ஊரின் வரிசையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஒன்று அணைந்தால் இமைப்பதற்குள் மறுபடி எரிந்தது. யாரோ ஒருவர் பேசி முடித்தார், வேறொருவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. திருவையாற்று வரிசை இருண்டு கிடந்தது. ஒரே ஒரு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது. மந்திரியாக இருக்கலாம். யாராவது வீட்டுக்குப் போன் செய்து ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டிருக்கவும் கூடும். அசர் நேரம் தாண்டும்வரை நின்றுவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் கடைக்காரர் வந்தார். மடித்த காகிதத்தில் தம்ரூட் இனிப்பு கொண்டுவந்திருந்தார்.

"லைன் வரல சார். எல்லாரும் கடையிலயே உக்காந்திருந்தோம். புள்ள கல்யாணத் துணியோட வந்து பெஞ்சுல உக்காந்துச்சு. போன் அடிக்கும், ஓடி எடுத்தா வேற வீட்டுக்கு. அசருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. பெரியத்தா, தம்பி பேசலைன்னா அவனுக்குச் சம்மதம்னுதான் அர்த்தம், எழுந்திரின்னாரு."

"புள்ள ஒண்ணும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்லும்?" என்றார். பிறகு, "மறுநாள் காலைல மச்சான் பேசிட்டாரு. ஒரு நாள் சம்பளம் போனாப் போகட்டும்னு டவுன்லயே தங்கிட்டாராம். உடனே லைன் கிடைச்சிச்சு, பக்கத்து வீட்ல பேசுற மாதிரி. புள்ளகிட்ட குடுங்கன்னாரு. அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடுச்சுன்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்."

அந்தக் காலாண்டு அறிக்கையில் அந்தத் தடம் திருப்தி என்று பதிவாயிற்று. அளவுகளின்படி அது உண்மை. மறு வருஷம் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. நாங்கள் எண்ணி எண்ணிப் பங்கிட்ட இணைப்புகள், கொட்டிக் கிடக்கும் நெல்லைப் போல மலிந்துபோயின. கோட்டப் பொறியாளர் உயர்வு பெற்று மாறிப்போனார். அதற்கு முதல்நாள் விருந்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்.

அந்தத் தகப்பனாரை ஒரே ஒரு முறை பார்த்தேன். லீவில் வந்திருந்தபோது மைத்துனரோடு அலுவலகத்துக்கு வந்தார், மகளுடைய புகுந்த வீட்டுக்குப் போன் கேட்டு விண்ணப்பிக்க. கறுத்து ஒடுங்கிய மனிதர். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு டயல் பண்ணிக்கிட்டே இருந்தேன் சார். பின்னாடி நின்னவனெல்லாம் திட்டினான். ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிச்சு, திரும்பத் திரும்ப அதையே சொல்லிச்சு. என்ன சார் சொன்னா அவ?"

"அந்த வழியில எல்லா லைனும் உபயோகத்துல இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்கன்னு."

தலையாட்டினார். இவ்வளவுதானா என்பதுபோல இருந்தது.

"உங்க மக என்ன சொல்றதா இருந்துச்சுன்னு இப்ப கேட்டீங்களா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

கடைக்காரர் என்னை முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தகப்பனார் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

"இப்ப இடுப்புல ஒரு புள்ள, வயித்துல ஒண்ணு. கேட்டா, நல்லா இருக்கேன் வாப்பான்னுதான் சொல்லும் சார். அதனால கேக்கல."