உள்ளே: 1

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இது நடந்தது. என் வீட்டுக்காரருக்கு நடந்தது. பின்பாதிக்கு நானும் கூட இருந்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அரண்டு போயும் இருக்கவில்லை, அங்கே இருட்டவும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி. வெளியே கண் கூசுகிற வெயில்.

தவிர, அவருக்குக் கதை கட்டத் தெரியாது. என் சமையல் நன்றாக இருக்கிறது என்று ஒரு சின்னப் பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதர். பதினான்கு வருஷமாக முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன்.

அவருடையது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. தெருவில் ‘வைரஸ் டாக்டர்’ என்றால்தான் தெரியும். முன்னறையில் ஜெராக்ஸ், பிரிண்ட் வேலை. பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கு இன்டர்நெட் கிடையாது. வேறு எதோடும் இணைப்பு கிடையாது. வைரஸ் என்பது ஒட்டுவாரொட்டி, ஆகவே நோய் பிடித்த டிஸ்க் எது வந்தாலும் அதில்தான் மாட்டுவார். ‘தனி வார்டு’ என்று அதற்குப் பெயர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சுத்தம் செய்வதற்கு முன்னால் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுவார். ஒரு தடவை வைரஸை எடுக்கிறேன் பேர்வழி என்று ஒருத்தருடைய கல்யாணப் போட்டோக்களையும் சேர்த்து அழித்துவிட்டார். கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து கொடுத்த டோஸில் ஏற்பட்ட பழக்கம் அது.

முதலில் புதன்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ஒரு பெண் கடைக்கு வந்தாள். ‘காணவில்லை’ என்று நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். அவள் புருஷன் ஊருக்கு வெளியே இருக்கிற குளிர்பதனக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். போன வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அவள் கொண்டுவந்த போட்டோவில் அவர் கழுத்தில் கிடங்கு அட்டை தொங்கியது. அட்டையில் பெரிதாக 27.

இவர் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்ப் பகுதியை வெட்டப் போனார்.

“அந்த நம்பர் இருக்கட்டும் அண்ணா. அடையாளத்துக்கு ஆகும்.”

“சரிம்மா. போலீஸ்ல சொல்லியாச்சா?”

“சொன்னேன். எங்கயாவது ஓடிப்போயிருப்பார்னு சொல்றாங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உள்ள போனவரு வெளிய வரலண்ணா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

ஐம்பது பிரதி அடித்துக் கொடுத்தார். ஒன்றைத் தன் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டினார். ராத்திரி என்னிடம் சொன்னபோது, “ஓடித்தான் போயிருப்பான், வேறென்ன” என்றேன். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் பேசும். அன்றைக்கு என் நாக்கு பேசியது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அதே கிடங்கின் மேனேஜர் வந்தார். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க், பிளாஸ்டிக் பையில் சுற்றி.

கிடங்கில் ஒவ்வொரு குளிர் அறை வாசலிலும் ஒரு மெஷின் உண்டாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். கதவைப் பூட்டினாலும், உள்ளேயிருந்து யாராவது அழைப்பு மணியை அழுத்தினாலும் அதையும் குறித்துக்கொள்ளும்.

“மூணாம் நம்பர் ரூம் சீசன் முடிஞ்சு பூட்டியாச்சு சார். உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா ‘உள்ளே 1’னே காட்டுது. வைரஸ். அதைச் சைபர் ஆக்கிக் குடுங்க. திங்கக்கிழமை செக் பண்ண ஆளுங்க வர்றாங்க.”

“உங்க ஆள் ஒருத்தரைக் காணோமாமே?”

“அவனா? சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்.” மேனேஜர் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்க்காமலே பேசினார். கிளம்பும்போது திரும்பி, “காப்பி கீப்பி எடுத்துராதீங்க” என்றார்.

இவர் தலையாட்டினார். ஆனால் பழக்கம் விடுமா?

ஞாயிற்றுக்கிழமை தெருவே பூட்டிக் கிடந்தது. கடைக்குள் போய் ஷட்டரை உள்ளேயிருந்து தரை வரை இறக்கினார். திறந்திருந்தால் யாராவது ஜெராக்ஸ் எடுக்க வந்து நிற்பார்கள். “மூணு மணிக்குச் சாப்பிட வந்துடுறேன்” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

காப்பி எடுத்து முடித்து, இரண்டு இருபத்தைந்துக்கு ஸ்கேன் போட்டார். இரண்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது. நாற்பத்தொரு ஃபைலில் வைரஸ். பென் டிரைவ் வழியாக வருகிற சாதாரண வைரஸ்தான். ஐந்து நிமிஷ வேலை. சுத்தம் செய்தார். மறுபடி ஸ்கேன் போட்டார். டிஸ்க் சுத்தம்.

இரண்டு ஐம்பதுக்கு மூன்றாம் நம்பர் அறையின் வாசல் கணக்கு ஃபைலைத் திறந்தார். அதில் வைரஸே இருந்திருக்கவில்லை. கடைசி வரி, முந்தின வாரம் வெள்ளிக்கிழமை இரவு 9:47.

உள்ளே: 1.

வைரஸ் செய்த சேஷ்டை என்று நினைத்தார். ஒன்றை அழித்துவிட்டுச் சைபர் போட்டார். சேமித்தார். மூடித் திறந்தார்.

உள்ளே: 1.

சேமிக்க மறந்துவிட்டோமோ என்று மறுபடி சைபர் போட்டார். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே சைபர் போய் ஒன்று வந்தது.

“அட, விடாக்கண்டனா இருக்கானே” என்றார். அவருக்குச் சுவாரசியம் பிறந்துவிட்டது. புது வைரஸ் என்றால் அவருக்குப் பாயசம் சாப்பிடுகிற மாதிரி. அந்த வரியையே அடியோடு அழித்தார்.

வரி போனது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு புது வரி வந்தது. இன்றைய தேதி. மணி 3:04.

உள்ளே: 1.

அவர் விரல் அப்படியே நின்றது. டிஸ்க்கில் இருந்த எந்தப் புரோகிராமையும் அவர் ஓட்டவில்லை. அது வெறுமனே மாட்டிக் கிடந்த டிஸ்க். தானாக எழுத அதற்கு வழியில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டார். சரியாகத்தானே சொல்கிறது, நான் ஒருத்தன் உள்ளேதானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

3:05. உள்ளே: 1.

3:06. உள்ளே: 1.

நிமிஷத்துக்கு ஒரு வரி. சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். நொடி பிசகவில்லை.

மின்விசிறியை நிறுத்தினார். அப்படியும் குளிர்ந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஷட்டர் தகரம் சுடுகிறது... பின்னறையில் மட்டும் குளிர் தரையிலிருந்து காலில் ஏறியது.

3:11.

உள்ளே: 2.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று பிறகு சொன்னார். கழுத்து கேட்கவில்லையாம்.

தொம்...

தடித்த கதவில் உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். ஷட்டரில் இல்லை. எங்கள் கடையில் தடித்த கதவே கிடையாது.

தொம்... தொம்...

திரையில் புது வரி.

3:12. அழைப்பு மணி.

தொம்...

3:12. அழைப்பு மணி.

அவர் மூச்சு புகையாக வெளியே வந்தது.

நான் வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று ஆனது. மூன்றரையும் ஆனது. போன் அடித்தால் எடுக்கவில்லை. இந்த மனிதருக்கு வைரஸ் கிடைத்தால் பெண்டாட்டி மறந்துபோகும் என்று திட்டிக்கொண்டே கிளம்பினேன்.

3:43க்கு ஷட்டரைத் தட்டினேன். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஷட்டர் இடுப்பளவு உயர்ந்தது. குனிந்து நுழைந்தேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“என்னங்க ஆச்சு?”

என் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் கை ஐஸ். திரையைக் காட்டினார்.

3:43. உள்ளே: 3.

“என்ன மூணு?”

“நான் ஒண்ணு. நீ ஒண்ணு.”

“இன்னொண்ணு?”

“மேல ஏத்திப் பாரு” என்றார். “எனக்குக் கை வரல.”

நான் ஏற்றினேன். முந்தின வாரம் வெள்ளிக்கிழமை வரை போனேன்.

5:52. அட்டை 27. உள்ளே.

6:05. கதவு பூட்டப்பட்டது.

6:09. அழைப்பு மணி.

6:09. அழைப்பு மணி.

6:10. அழைப்பு மணி.

பக்கம் பக்கமாக அதேதான். எட்டு மணிக்கு மேல் இடைவெளி கூடிக்கொண்டே போனது. 9:47க்குப் பிறகு மணி இல்லை. ‘அட்டை 27. வெளியே’ என்று ஒரு வரி எங்காவது இருக்காதா என்று தேடினேன்.

இல்லை.

கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

“மூணு தடவை அழிச்சேன்” என்றார். “அந்த மனுஷனை நான் மூணு தடவை அழிச்சேன்.”

தெருவுக்கு ஓடி வந்தோம். வெயிலில் நின்றும் எனக்குப் பல் தந்தியடித்தது. நோட்டீஸில் இருந்த நம்பருக்கு நான்தான் போன் போட்டேன்.

4:35க்கு அந்தப் பெண் வந்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரும் உள்ளே போனோம்.

4:36. உள்ளே: 4.

அவள் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கணக்கை மட்டும் ஒரு வரி விடாமல் படித்தாள். அவள் அழுவாள் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அழவில்லை.

தொம்...

எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்டதா தெரியாது. திரையில் இருந்த 27 மேல் விரலை வைத்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“எழுந்திருங்க. போலாம்.”

என் வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்த காப்பியை அவள் கையில் கொடுத்தார். “இரும்மா, நாங்களும் ஸ்டேஷனுக்கு வர்றோம்.” அவள் காத்திருக்கவில்லை. குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போய்விட்டாள்.

கடைக்குள் நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி போனால் நான்கு மூன்றாக வேண்டும்.

நான் திரையைப் பார்த்தேன்.

4:44. அட்டை 27. வெளியே.

4:44. உள்ளே: 2.

குளிர் இல்லை. சட்டென்று பழைய புழுக்கம். அவருக்கு நெற்றியில் வேர்த்தது.

அதற்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை.

அன்றைக்கு ஆறரைக்குப் போலீஸ் மூன்றாம் நம்பர் அறையைத் திறந்தது. கதவை ஒட்டி உட்கார்ந்த நிலையில் இருந்தாராம். கை அழைப்புப் பொத்தானில். மணியின் வயர் எப்போதோ அறுந்து போயிருந்தது. அழுத்தினால் கணக்கில் ஏறும், வெளியே சத்தம் வராது. மறுநாளே எண்ணைப் பார்த்ததாகவும், மெஷின் கோளாறு என்று விட்டதாகவும், அந்தப் பெண் தேடி வந்த பிறகு திறந்து பார்க்கப் பயமாக இருந்ததாகவும் மேனேஜர் சொன்னார். பாவி. ஓடிவிட்டான் என்ற பேச்சைக் கிளப்பியதும் அவர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குள்ளேயே குளிரில் விறைத்து உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். நிஜ டாக்டர்.

ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் இவரைக் கூப்பிட்டார். டிஸ்க்கை நிபுணர்கள் அலசிவிட்டார்களாம். 9:47 வரிதான் அதில் கடைசி. ஞாயிற்றுக்கிழமை எழுதப்பட்டதாக ஒரு வரியும் இல்லை, எழுதி அழித்த தடயமும் இல்லை. “நீங்க அன்னிக்கு அதுல என்னதான் பண்ணீங்க?” என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத இந்த மனிதர், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, “ஒண்ணும் பண்ணல சார்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு இரண்டானதை அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. ஏற்கனவே வெந்து கிடக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

போன வாரம் ஏதோ படிவம் ஜெராக்ஸ் எடுக்க அவள் கடைக்கு வந்திருந்தாள். நானும் இருந்தேன். இவர் எடுத்துக்கொண்டிருந்தபோது, இடது கையைத் தேய்த்துக்கொண்டே அவளாகத்தான் சொன்னாள்.

“அன்னிக்கு இங்கேர்ந்து கிளம்பினேன்ல அக்கா... அவ்வளவு வெயில்ல, இந்தக் கை மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு. ஸ்டேஷன் படி ஏறுற வரைக்கும். ரோட்டைத் தாண்டும்போது ரொம்ப அழுத்திப் பிடிச்ச மாதிரி...”

ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது. இவர் என்னைப் பார்த்தார்.

“அவரு எப்பவும் அந்தப் பக்கம்தான் வருவாரு” என்றாள்.