பாதி மைதானம் மட்டும் நனையும்

தூசி பறக்கக் கூடாது என்றுதான் தாசையன் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறார். அந்தத் தூசி கிழக்குப் பாதியில் மட்டுமே பறக்கும் என்பது அவர் கட்சி. நடுக்கோட்டுக்கு மேற்கே ஒரு சொட்டு விழாது. கிழக்கே, ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, செம்மண் தோசைமாவுப் பதத்துக்கு வரும்வரை பீய்ச்சுவார். பிறகு உலர்ந்த மண்ணை மேலே தூவி, பவுடர் பூசிய முகம்போல் ஆக்கிவிடுவார். அன்று மாலை பெற்றோர்கள் நிற்கும் பக்கம் அதுதான்.

கரமனை அக்ரஹாரத்துச் சங்கம் ஏப்ரல் தோறும் நடத்தும் சிறுவர் கோடை முகாமில், கடைசி நாள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வடம்வலி நடக்கும். கயிறு இழுப்பதற்கு இந்த ஊரில் அதுதான் பெயர். முகாமுக்கு நாற்பது வயதாகப் போகிறது. ஒருமுறைகூடப் பிள்ளைகள் தோற்றதில்லை. சங்கத்தின் ஆண்டு மலர் இதை ‘இளைய தலைமுறையின் ஒற்றுமைக்குச் சான்று’ என்கிறது. முகாம் தொடங்கியது பண்பாட்டை வளர்க்க என்றும் அதே மலர் சொல்கிறது. தாசையனிடம் வேறு வரலாறு உண்டு.

“பண்பாடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லீவு விட்டா பயலுவ மாங்காய்க்கு எறிஞ்சு, தெருவுல ஒரு ஓடு பாக்கி வைக்கல்ல. எல்லாத்தையும் பிடிச்சு அடைச்சுப் போட ஒரு எடம் வேணும். அதாக்கும் முகாமு.”

மார்த்தாண்டத்துக்காரர். கிழக்கேகோட்டையில் பாத்திரக் கடை வேலை; ஏப்ரலில் மட்டும் முதலாளி அவரைத் தேடுவதில்லை. அப்பாக்களும் அவரை ‘தாசண்ணா’ என்றார்கள், அவர்கள் பெற்றதுகளும் ‘தாசண்ணா’ என்கின்றன. பிள்ளைகளின் பெயர் அவர் நாவில் நிற்காது. அப்பன் சின்ன வயதில் செய்த குற்றம் நிற்கும். “லேய், கிணத்துல செருப்பு போட்டவனுக்க மவனே, இங்க வா.” வந்துவிடுகிறான்.

மாமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதுதான் மணி, அதுதான் சட்டமும். இரும்புக் கம்பி அதில் பட்டால், கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட்டு அந்த இடத்திலேயே சம்மணமிட வேண்டும். முதலில் உட்கார்ந்தவருக்கு முதல் டம்ளர் சம்பாரம்: இஞ்சியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்ட மோர். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓசைக்கு முன்னே தரையில் விழுவார்கள். அவர்களில் மகேஷ்குமார் என்ற பையன் எல்லோருக்கும் முன்னே விழுவான். இன்றைய பிள்ளைகளோ மூன்றாவது மணிக்கும் அசைவதில்லை. சங்கச் செயலாளர் விஜயலக்ஷ்மி மாமிக்கு இதில் மாளாத விசாரம்.

“முதல் மணிக்கு ஒண்ணாவது உக்கார்றதா பாரு, தாசையா. என்ன தலைமுறையோ.”

“அதுகளுக்கு வீட்டுல ஃப்ரிட்ஜு உண்டும்லா, மாமி.”

அந்த மகேஷ்குமார் இப்போது கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். மகள் ஆர்ஷாவிடம் கேரம்போர்டில்கூட அவர் தோற்றது கிடையாது. உலகம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது என்பதைப் பிள்ளை வீட்டிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் கொள்கை. மகளும் தன் கொள்கையை மாதம் முழுக்கத் தாசையனின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவந்தாள். “தாசண்ணா, அப்பா ஒரு தடவ தோக்கணும். ஒரே ஒரு தடவ மதி, போதும்.”

“தோக்க வைக்கலாம், முதல் டம்ளருக்க மவளே. போய் நல்லா சோறு தின்னு.”

இந்த வருஷக் கடைசி நாளில் மகேஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்குப் பக்கத்தில் காலை வைத்தார். குதிகால் புதைந்தது.

“தாசண்ணா, இதென்னது?”

“தூசிக்குத் தெளிச்சதாக்கும், மக்களே.”

“அந்தப் பக்கம் தூசி இல்லையோ? சைடு மாத்தணும். பிள்ளைங்க நேரா மல்லுக்கட்டி ஜெயிக்கட்டே. எங்க காலத்துல நாங்க சொந்த பலத்துலதானே ஜெயிச்சோம்.”

தாசையன் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். சில வரலாறுகளை மீசை வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

“அவன் சொல்றதும் நியாயம்தானே. மாத்திடு, தாசையா,” என்றார் மாமி.

மாறியது. உலர்ந்த மண்ணில் பெற்றோர், சேற்றில் பிள்ளைகள். விசில் ஊதிய மறுகணமே வடம் மேற்கே நகர்ந்தது. பிள்ளைகள் வரிசையில் முன்னால் நின்ற ஆர்ஷாவின் குதிகால்கள் சேற்றில் இரண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி வழுக்கின. அவள் அழவில்லை, உதட்டைக் கடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் வடத்தின் வால்நுனியில் மகேஷ்குமார், கேரம் காயைக் குறிபார்க்கும் அதே முகத்தோடு சாய்ந்து இழுத்தார். இன்னும் ஒரு முழம்தான். நாற்பது வருஷப் பெருமை அந்த ஒரு முழத்தில் வந்து நின்றது.

கோட்டருகே நின்றிருந்த தாசையனைக் காணவில்லை.

டங்.

வங்கி மேலாளர் உட்கார்ந்தார். பல் டாக்டர் உட்கார்ந்தார். பட்டுப்புடவைகள் உட்கார்ந்தன. இவர்கள் எல்லோருக்கும் முன்பே மகேஷ்குமார் உட்கார்ந்திருந்தார். யாரும் யோசிக்கவில்லை, யோசிப்பதற்குள் சம்மணம் போட்டாகிவிட்டது. இந்த முகாமில் வளராத இரண்டு மருமகன்கள் மட்டும் பிடித்த பிடி விடாமல் வடத்தோடு கிழக்கே போனார்கள்.

பிள்ளைகள்? முதல் மணிக்கு அவர்கள் என்றைக்கு உட்கார்ந்தார்கள்? இழுத்த இழுப்பில் மொத்தமாக மல்லாந்து, சேற்றில் ஒருவர்மேல் ஒருவராய்ச் சரிந்தார்கள். வடத்தின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி அவர்கள் தலைமாட்டில் கிடந்தது. குவியலிலிருந்து ஆர்ஷா எழுந்தாள். பல்லைத் தவிர மற்றதெல்லாம் செம்மண்.

“அப்பா தோத்தாச்சு,” என்றாள், முதலில் மெதுவாக. பிறகு கரமனையாற்றின் அக்கரைக்கும் கேட்கும்படி.

மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார். “மோருக்கு இன்னும் நாழி இருக்கே. மணியை யாரு அடிச்சா?”

“காத்துல ஆடியிருக்கும், மாமி.”

மாமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மாமி மரத்தைப் பார்த்தார்; தண்டவாளத்தின் கனத்தைப் பார்த்தார்; சேற்றில் குதிக்கிற தலைமுறையைப் பார்த்தார்.

“ஆமாமா, நல்ல காத்து,” என்றார்.

தாசையன் சம்பாரப் பானையைத் திறந்து, முதல் டம்ளரை விளிம்புவரை நிரப்பினார். சிந்தாமல் மைதானத்தைக் கடந்துபோய், இன்னும் சம்மணம் கலையாதிருந்த மகேஷ்குமாருக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.