மஞ்சணத்தி மரத்துப் படம்

வேலுச்சாமி சார் இறந்துவிட்டார் என்பது எனக்குப் பந்தல்காரரின் வண்டி வந்தபோதுதான் தெரிந்தது. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இரும்புக் குழாய்களை ஏற்றி வந்த வண்டி பின்பக்கமாக நகர்ந்து, தெருவோரம் நான் போட்டிருந்த செவ்வந்திப் பாத்தியில் ஏறி நின்றது. "யாரு வீட்டுக்குப்பா?" என்று கேட்டேன். "மாடி வீட்டு சாருக்கும்மா. விடியக்காலம் போயிட்டாராம்" என்றார் ஓட்டுநர். நான் முதலில் பாத்தியைத்தான் பார்த்தேன். அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி நம் பறவைக் குழுவின் செயலாளர் கேட்டபோது, எனக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதனால என்னம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க எழுதுனா நல்லாருக்கும்" என்றார். எழுதிவிட்டேன். நன்றாக இருக்கிறதா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

வீட்டை விட்டு இறங்காமலே இத்தனை பறவைகளைப் படம் பிடித்தவர் என்று எல்லோரும் அவரைப் புகழ்கிறீர்கள். அந்தப் பறவைகள் வந்தது அவர் வீட்டுக்கு அல்ல. அவர் வீட்டைச் சுற்றி ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது, எல்லாம் சிமென்ட் தரை. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாடியில் ஒரு ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினார். அது என் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். கொடைரோடு பக்கத்துக் கரட்டு மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்த கையோடு தினமும் மண்ணைக் கொத்தி, சாணி போட்டு, முருங்கையும் பப்பாளியும் செம்பருத்தியும் வளர்த்தவள் நான். தேன்சிட்டு என் செம்பருத்திக்கு வந்தது. குக்குறுவான் என் பப்பாளிக்கு வந்தது. படத்துக்குக் கீழே மட்டும் 'என் ஜன்னலிலிருந்து' என்று அவர் போட்டுக்கொண்டார்.

படம் எடுப்பதோடு நிறுத்தினாரா? மேலே உட்கார்ந்து அதிகாரமும் செய்தார். "செத்த நேரம் குனிஞ்ச மேனிக்கே இருங்கம்மா, மாங்குயில் வந்துருக்கு" என்பார். நான் இடுப்பு வலியோடு குனிந்துகொண்டிருப்பேன். "அந்தப் பழத்தப் பறிச்சிராதீங்க, நாளைக்கும் வரும்" என்பார். ஒருநாள், "செவப்புச் சேலையோட தோட்டத்துல எறங்காதீங்க, அம்புட்டும் பறந்துருது" என்று சொன்னார். அடுத்த ஒரு வாரம் நான் வேறு நிறத்தில் சேலையே கட்டவில்லை.

அவருடைய பொறுமையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜன்னல் விளிம்பில் தேநீர் ஆறிக் கிடக்க, அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். "நாம பறவையத் தொந்தரவு பண்ணக் கூடாதும்மா. அதுவா வந்தா எடுக்கணும், வரலையா, போய்ப் படுத்துக்கணும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் மற்றதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலோரத்து மஞ்சணத்தி மரத்தில் ஒரு தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். "ரெண்டே ரெண்டு இலைய மட்டும் கிள்ளி விடுங்கம்மா, கூட்ட மறைக்குது" என்றார் மேலிருந்து. "மறைக்கிறதுக்குத்தான சார் அது அங்க கட்டிருக்கு?" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்து, மறுநாள் ஆயக்குடியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து வந்தவள், பையைக் கீழே வைக்காமலே மரத்தடிக்குப் போனேன். கூட்டுக்கு முன்னால் இருந்த இலைகள் இல்லை. காம்புகள் மட்டும் நின்றன, கத்தரிக்கோலால் வெட்டிய காம்புகள். கூடு காலியாக இருந்தது. "காக்கா தூக்கிருச்சும்மா" என்றார் ஜன்னலிலிருந்து. "எலைய யாரு சார் வெட்டுனது?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த வாரமே நம் குழுவில் படம் வந்தது. தாய் வாயில் புழு, கீழே விரிந்த மூன்று அலகுகள், மேலே நல்ல வெயில். நீங்கள் எல்லோரும் கொண்டாடினீர்கள். நான் அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டேன். மற்றவர்களிடமும் இதைச் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அவர் என் கேட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் மாடியிலிருந்து இறங்கி என் வாசலுக்கு வந்தது அன்று ஒருநாள்தான். உடம்பு பாதியாகியிருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படத்த அழிச்சிரவாம்மா?" என்றார்.

"அழிச்சா குஞ்சு வந்துருமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு செருப்புச் சத்தம் மெதுவாகத் திரும்பிப் போனது.

படம் அவருடையது, கம்ப்யூட்டரும் அவருடையது. அழிக்க என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அன்று இரவு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். எதற்குக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அனுப்பியதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போது அவர் வீட்டு வாசலில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் அதே படம் இருக்கிறது. மலரின் அட்டையிலும் அதைத்தான் போடப் போவதாகச் செயலாளர் சொன்னார். "அவருக்கு ரொம்பப் பிடிச்ச படம்" என்று சாரின் மனைவி அழுதுகொண்டே எல்லோரிடமும் காட்டுகிறார். பாவம், அந்த அம்மாவுக்குத் தெரியாது. நான் அன்று தலையாட்டியிருந்தால் அந்தப் படம் இன்று அங்கே இருந்திருக்காது.

அவருடைய படங்கள் உங்களிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவர் கேட்டில் நின்று கேட்ட கேள்வி ஒன்றுதான். அட்டையில் வேறு படம் போடுங்கள், அவரிடம் வேண்டிய மட்டும் நல்ல படங்கள் உண்டு. அந்தப் படம் யாரிடம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவருக்கு நான் சொல்ல வேண்டியதை, கேட்க அவர் இல்லாத நாளில் சொல்கிறேன்.

அழிச்சிருங்க சார்.