பைலட் சங்கக் கூட்டமும் ஹார்பர் கேட்டும்

இன்று திருவொற்றியூரில் அம்மா வீட்டிலிருந்தே எங்கள் விமான பைலட் சங்கத்தின் ஆன்லைன் கூட்டத்தில் கலந்துகொண்டேன்.

புதிய சம்பள ஒப்பந்தத்தில் எங்களுக்கு நல்ல உயர்வு. புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் குறைவு.

"இப்ப ஒத்துக்கலாம், அவங்களுக்கு அப்புறம் பேசலாம்" என்றார் ஒரு சீனியர் கேப்டன். ஒரே கூச்சல்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, உங்கப்பா ஹார்பர் கேட்ல கத்துன மாறியே கீது!"

அப்பா ஹார்பர் தொழிலாளி; கேட்டில் நடக்கும் அவர்களின் சங்கக் கூட்டங்களைச் சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இதே பேச்சு அங்கே வந்தபோது அவர் எதிர்த்துக் கை தூக்கினார். நானும் மேலிருந்து தூக்கினேன். கேட்டில் இருந்த கூட்டமே சிரித்தது.

இன்றும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். தோற்றுவிட்டோம்.

"வுடு. கூட்டம் முடிஞ்சா ஹார்பர்ல தந்த மாறி டீ, பன்னு தர மாட்டாங்களா?" என்றாள் அம்மா.

உங்கள் சங்கத்திலாவது தருகிறார்களா, மக்களே?