பின்னால் வருகிற ஆளுக்கு

பந்தைத் தொடாமல் இருப்பதுதான் அணியில் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். பத்து வருடம் அதைத்தான் செய்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற நாற்பது வயதுக்காரர்களின் கால்பந்து அணி எங்களுடையது. கேப்டன் ஒரு கணக்கு வாத்தியார். டீக்கடை மேசையில் கடலைமிட்டாயை உடைத்து அடுக்கி அவர் திட்டம் போடுவதைப் பார்த்தால் உலகக் கோப்பையே பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். மைதானத்தில் இறங்கினால் கதையே வேறு. இடது ஓரத்திலிருந்து எங்கள் ஆள் தூக்கிப் போடும் பந்து, பத்துக்கு எட்டு, கோலுக்குப் பின்னால் இருக்கிற மதிலைத் தாண்டிவிடும். யாராவது ஏறிக் குதித்து எடுத்துவர வேண்டும். மீதி இரண்டில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

அந்த இரண்டுக்காக வாத்தியார் வைத்திருந்த திட்டம் இது. பந்து வரும்போது நான் கோலுக்கு முன்னால் ஓடிப்போய் அடிக்கிற மாதிரியே காலை ஓங்க வேண்டும். தடுக்கிறவர்களும் கோல் காக்கிற கோலியும் என்மேல் பாய்வார்கள். நான் தொடாமல் விட்டுவிடுவேன். எனக்குப் பின்னால் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் வந்து நிற்பார். அவர் அடித்தால் கோல்.

அவர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். என் ஒரே சிநேகிதர். "அடிக்கது யாருக்கும் வரும் வே. விடுததுதான் கஷ்டம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பத்து வருடம் ஓடினேன் என்று இப்போது தோன்றுகிறது. நான் தனிக்கட்டை. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகையில் ஓட்டலில் ஒரு சாப்பாடு பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குப் போகிறவன். ஆபீஸிலும் என்னைக் கூப்பிடுவது ஏதாவது ஃபைல் காணாமல் போனால்தான். வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் யாராவது என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள், திட்டுவார்கள், முதுகில் அடிப்பார்கள்.

போன வருடம் ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். அவர் தம்மாமுக்குக் கிளம்பினார். மகள் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. நாற்பத்துமூன்று வயதில் என்ன கல்ஃப் வேண்டிக்கிடக்கிறது என்று சண்டை பிடித்தேன். வழியனுப்பக்கூடப் போகவில்லை. என் புத்தி அப்படி. அவர்தான் அங்கே போய் இறங்கிய முதல் வெள்ளிக்கிழமையே, தொழுகை முடிந்ததும் போன் செய்தார். அதிலிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை பேசுவோம்.

அவர் போன பிறகு பின்னால் ஓடிவர யாருக்கும் மூச்சு இல்லை. வாத்தியார் கடலைமிட்டாயை மாற்றி அடுக்கினார். "இனிமே விட வேண்டாம். பந்து வந்தா நீரே அடியும்" என்றார். நாலு ஆட்டம் ஆடினோம். நான் ஒரு பந்துகூட உருப்படியாக அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஏரல்காரர்களோடு. அதற்கு முந்தின வாரம் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்கிடாதியும் வே. இந்தத் தடவ நீரு ஒரு கோல் போடணும். இல்லன்னா உம்ம எடத்துல பேங்க்காரர எறக்கணும்னு எல்லாரும் சொல்லுதாங்க."

பயந்துவிட்டேன். கோலுக்காக இல்லை, அந்த ஒன்றரை மணி நேரம் போய்விடுமே என்று. திங்கள் முதல் சனி வரை தினமும் காலையில் தனியாக மைதானத்துக்குப் போய் மதிலில் பந்தை அடித்தேன். மதில் திருப்பிக் கொடுத்தது. பேச ஆளில்லாமல் அதோடு இரண்டு வார்த்தை பேசினேன் என்றால் நம்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரல்காரர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம். இடது ஓரத்திலிருந்து பந்து கிளம்பியது. என்ன புண்ணியமோ, மதிலுக்குப் போகாமல் தரையோடு என் காலுக்கே வந்தது. எதிரே கோலி மட்டும்தான். ஓடினேன், காலை ஓங்கினேன்.

விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக விட்டதே இல்லை. ஏரல் கோலி ஏமாந்து ஒரு பக்கம் விழுந்தே விட்டார். பந்து பைய உருண்டு வலது ஓரம் போய் அங்கே நிறுத்தியிருந்த பைக்கில் முட்டி நின்றது. கோலி எழுந்து, என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் செம்மண்தான்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வாரம் வெளிய லைன்ல கொடி புடிக்க ஆளில்ல. நீரு நிக்கீரா வே?" என்றார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பந்தை விட்ட கதையைச் சொன்னேன். அவர் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"யாருக்கு வே விட்டீரு?"

"உமக்குத்தான்."

அதற்கும் சிரித்தார். பிறகு உற்சாகமாகச் சொன்னார்: "இங்கனயும் ஒரு டீம் சேத்தாச்சு வே. மலையாளத்துக்காரர் ஒருத்தர் முன்னால ஆடுதாரு. நம்ம விடுதத அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். இன்னைக்குக் காலைல எனக்கு ரெண்டு கோல். அல்ஹம்துலில்லாஹ். அச்சு அசலா உம்மள மாதிரியே விடுதாரு."

"நல்லது வே" என்றேன். பேர்கூடத் தெரியாத அந்த மலையாளத்துக்காரர்மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. சிநேகிதர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். கொடி பிடிக்கப் போவதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.