கிழிக்காத தந்தி

எனக்கு வெள்ளைக்காரன் காலத்துத் தந்திகளைச் சேர்க்கும் பைத்தியம் உண்டு. விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் கம்பெனியில் வேலை முடிந்தால் நேரே பழைய பேப்பர் கடைக்குத்தான் போவேன். தாளின் தலையில் கிரீடம் இருக்கிறதா, முத்திரையில் ஊர்ப்பெயர் தெரிகிறதா, உறையும் தாளும் ஒன்றாக வந்தவைதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "சாருக்கு வேற வேலையே இல்லியா?" என்பார் கடைக்காரர். இல்லைதான், அவருக்கென்ன?

கிடைத்ததெல்லாம் நல்ல செய்திகள். குழந்தை பிறந்தது, ரயிலில் வருகிறேன், பரீட்சையில் பாஸ். சாவுச் செய்தி முழுசாகக் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் அதை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அழுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள்.

ஒரு நாள் அப்படி ஒன்று கிழியாமல், உறையோடு வந்தது. மங்கலம்பேட்டையில் இடித்த ஏதோ ஒரு வீட்டின் காகிதக் கட்டில் இருந்ததாம். ஆங்கிலத்தில் பென்சில் எழுத்து: தம்பி இறந்துவிட்டான், உடனே புறப்படு. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. கிழிக்க மனம் வராமல் யாரோ திரும்பத் திரும்பப் படித்திருக்க வேண்டும். சேர்ப்பவனுக்கு லாட்டரி அடித்த மாதிரிதான். ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு யோசனையாக இருந்தது. காரணம் என் மனைவி.

அவளுடைய தம்பி துபாய் பக்கம் கப்பலில் வேலை பார்த்தவன். போன வருஷம் செல்போனில் யாரோ ஒருவர் கூப்பிட்டு, அவன் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்றார். அவள் அழவில்லை. "போன்ல யாரு வேணா என்ன வேணா சொல்லலாங்க" என்றாள். தீபாவளிக்கு அவனுக்குச் சட்டை எடுத்து பீரோவில் வைத்தாள். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

தந்தியைப் பரணில், விளிம்பு உடைந்த ஊறுகாய் ஜாடிக்குள் ஒளித்து வைத்தேன். அதன் பிறகு லீவு நாட்களில் நடுமத்தியானத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்கும். போய்ப் பார்த்தால் தெருவில் ஈ காக்காய்கூட இருக்காது. அந்தத் தந்தியைக் கொண்டுவந்த சேவகன் இன்னும் திரும்பிப் போகவில்லை என்று தோன்றும். இதை யாரிடம் சொல்ல முடியும்?

போகிக்கு முன்னால் வீடு ஒழித்தபோது அவள் ஜாடியை இறக்கியிருக்கிறாள். நான் வேலை முடிந்து வரும்போது தந்தி அவள் கையில் இருந்தது. அந்த அளவு ஆங்கிலம் அவளுக்கும் தெரியும்.

"இத யாரு வூட்டுக்குள்ள வச்சது?"

"நாந்தான். அது ரொம்ப அபூர்வமான..."

"கிழிக்காம வச்சிருந்தா அவன் எப்புடிங்க போவான்?"

எவன் என்று நான் கேட்கவில்லை.

"நா கிழிச்சிடட்டுமா?" என்றாள். என் பைத்தியத்தை ஒரு நாளும் மதித்தவள் இல்லை. அன்று என்னிடம் அனுமதி கேட்டாள். தலையாட்டினேன்.

வாசலுக்குப் போனாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்தாள். குறுக்கே கிழித்தாள், மறுபடியும் கிழித்தாள். அப்புறம் அப்படியே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, "என்னாச்சும்மா, யாருக்கு என்னா?" என்றார்.

"எந் தம்பி செத்துப்பூட்டான்க்கா" என்றாள் அவள். "இப்பதான் தந்தி வந்துது."