சகாதேவனுக்கு ஒரு கத்தி

கத்தி வாங்க வந்துவிட்டு அதைத் தொடவே மாட்டேன் என்று நின்ற ஆள் என் கடைக்கு ஒருவர்தான் வந்திருக்கிறார். மரக்காணம் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக இரும்புச் சாமான் கடை நடத்துகிறேன். கடப்பாரை வாங்க வருகிறவர்கள் அதைத் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். அரிவாள்மனை வாங்குகிற பெண்கள் கட்டைவிரலால் கூர் பார்ப்பார்கள். சகாதேவன் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை இந்தப் பக்கம் திருப்புங்க, பிடியைக் காட்டுங்க என்று என்னையே வேலை வாங்கினார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிற்காமல் எடுத்துப் பாரய்யா, அது ஒன்றும் கடிக்காது என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபிக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரை எனக்கு நன்றாகவே தெரியும். பதினான்கு வயதில் அப்பாவோடு உப்பளத்தில் இறங்கியவர். இப்போது ஐம்பத்தொன்று ஆகிறது. பாத்தியில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தே இன்றைக்கு உப்பு வாரலாமா, இன்னும் இரண்டு நாள் விட வேண்டுமா என்று சொல்லிவிடுவார். வெள்ளை வெயிலில் சுருக்கிச் சுருக்கிப் பழகிய கண், நிழலுக்கு வந்தாலும் விரியாது. குதிகால் வெடிப்பில் உப்பேறி எரியாதா என்று ஒருநாள் கேட்டேன். பழகிப்போச்சு என்றார். எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். தம்பி அரசப்பன் இவரைவிடப் பத்து வயது சின்னவன். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் இவர்தான். வளர்ந்த பிறகும் இருவருக்கும் ஒரே அளத்தில்தான் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்தில், அரசப்பன் வாய்க்காலில் வலை சுற்றி மூழ்கிச் செத்துப்போனான். கூட இருந்தவர் சகாதேவன். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

கத்திக்கு இப்போது என்ன அவசரம் என்றால், ஐப்பசி மழை பிடித்தால் உப்பளம் ஏரியாகிவிடும். பொங்கல் தாண்டும்வரை அளத்துக்காரர்களுக்குப் பிழைப்பு இல்லை. உப்பங்கழியோரச் சவுக்குத்தோப்பில் சரவணகுமார் என்றொருவர் கூடாரம் போட்டு, மழை விட்ட வாரங்களில் சென்னைக்காரர்களை அழைத்துவந்து தங்கவைக்கிறார். கயிறு கட்ட, விறகு பிளக்க, படகில் கழியைச் சுற்றிக் காட்ட அவருக்கு ஆள் தேவை. படகு விஷயத்தில் மட்டும் மனுஷன் கறார். ஒரு படகுக்கு இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் இடுப்பில் கத்தி இருக்க வேண்டும். கழியில் அறுந்த வலையும் நைலான் கயிறும் கண்ட இடத்தில் கிடக்கின்றன. யார் காலிலாவது சுற்றினால் அந்த நொடியே அறுத்தாக வேண்டும். அதுவும் மடக்குக் கத்தி கூடாது. உப்புக்காற்றில் அதன் கீல் பூட்டிக்கொண்டால் பல்லால்கூடத் திறக்க முடியாது.

சகாதேவனோடு அதே படகில் போக வேண்டியவள் அமுதவல்லி, செத்துப்போன அரசப்பனின் மனைவி. தோப்பில் சமையலும் அவள்தான். கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடித்து வளர்ந்தவள், துடுப்புப் போடுவதில் ஆம்பிளைகளைத் தோற்கடிப்பாள். அவள் இந்த இரண்டு வருஷமாகச் சகாதேவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். உள்ளே பாத்தியில் எடுத்த கெட்டி உப்புத் தண்ணீர். கடையில் இருக்கிற கத்திகளை இதில் ஊறப்போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். விற்கிற சரக்கைக் கெடுக்கவா வந்தாய், வேறு கடையே இல்லையா என்று ஒரு பாட்டம் திட்டினேன். அவர் நின்ற இடத்தில் நின்றார்.

"நீங்க நல்லதுன்னு சொன்னா போதும்க்கா, நான் நம்புறேன். ஆனா தண்ணி நம்பாது."

பின்பக்கம் ஒரு பழைய பெயிண்ட் வாளி கிடந்தது. அதில் தண்ணீரை ஊற்றி, என்னிடம் இருந்த மூன்று வகையிலும் ஒவ்வொன்றை உறையோடு போட்டேன். ஒன்று மரப்பிடி போட்ட கறுப்பு இரும்புக் கத்தி, தோல் உறை. தீட்டினால் மயிரைச் சீவும். இன்னொன்று சினிமாக் கத்தி. முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி, மேலே மண்டையோட்டுப் படம். பைக்கில் சுற்றுகிற பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். மூன்றாவது பார்க்க ஒன்றுமேயில்லை. துருப்பிடிக்காத எஃகு, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான அலகு, ஆரஞ்சு நிற ரப்பர் பிடி, பிளாஸ்டிக் உறை. விலை எழுநூறுக்குள். ஆறு மாதமாகக் கண்ணாடிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்து எடுத்தோம். கறுப்பு இரும்பு முதல் நாளே சிவந்துவிட்டது. தோல் உறை உப்பைக் குடித்து விறைத்துப்போய், கத்தியை வெளியே இழுக்க நான் காலால் மிதிக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் வயலுக்குப் போகிறவனுக்கு அது நல்ல கத்திதான். எங்கள் ஊர் உப்புக்கு அது தாங்காது. சினிமாக் கத்தியின் அலகு பளபளவென்றுதான் இருந்தது. ஒரு தேங்காயை நெம்பினேன், பிடிக்குள் ஆட ஆரம்பித்துவிட்டது. திசைகாட்டி வைப்பதற்காகப் பிடியைக் குழாயாக்கிவிட்டார்கள். அலகு உள்ளே ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. ஆரஞ்சுப் பிடிக் கத்தியில் கூர்முனையோரம் நாலைந்து பழுப்புப் புள்ளி. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் போய்விட்டது. பிடியின் அடியில் ஓட்டை வழியாகப் பார்த்தால் எஃகு கடைசிவரை ஓடியிருப்பது தெரிந்தது.

பிடியில் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டச் சொன்னார். தடவினேன், வழுக்கவில்லை. உறையைக் கவிழ்த்து உதறச் சொன்னார். உதறினேன், கத்தி விழவில்லை. தண்ணீருக்குள் விழுந்தால் இந்த நிறம் தெரியுமா என்று கேட்டார். கலங்கல் தண்ணீரில் எந்த நிறமும் தெரியாது, ஓட்டையில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள் என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. இவ்வளவு பார்த்தவர் கத்தியை இன்னும் தொடவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஏம்பா, நான்தான் படகில் ஏறி உனக்காக வெட்ட வேண்டுமா என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். நின்றபடியே, மெதுவாக, கண்ணைத் தரையில் வைத்துச் சொன்னார்.

வாய்க்காலில், அளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்க் குழாயின் வாயை ஒரு பழைய வலை அடைத்துக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று அரசப்பன் இறங்கினான். கடல் ஏற்றம் பிடிக்கிற நேரம். மதகு வழியாகத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தது. வலை அவன் இரண்டு காலிலும் சுற்றிக்கொண்டது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோதும் அவன் பயப்படவில்லை. அண்ணா, கத்தியக் குடு என்று சிரித்துக்கொண்டுதான் கையை நீட்டினான். மூட்டைக் கயிறு அறுக்கிற கத்தி அண்ணனின் இடுப்பில் இருந்தது. உருவினார். குனிந்தார். தம்பியின் கை ஒரு முழத்தில் இருந்தது. அந்தக் கையில் கொடுக்காமல், மதகுக் கல்லின் மேல் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் உப்பையும் கத்தியையும் யாரும் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும் என்பார்கள். கீழே வைப்போம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பிறந்ததிலிருந்து பார்த்து வருவதால் கை தானாகவே செய்துவிடும். நானும் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கத்தியைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை.

மதகுக் கல்லில் பாசி. அரசப்பனின் விரல் பட்டதும் கத்தி வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. சகாதேவன் குதித்தார். சேற்றில் தடவினார், கிடைக்கவில்லை. நைலானைக் கையால் இழுத்தார், பல்லால் கடித்தார். அடுத்த அளத்திலிருந்து அரிவாளோடு ஆட்கள் ஓடிவந்தபோது தண்ணீர் தம்பியின் தலைக்கு மேல் போயிருந்தது.

கத்தியைக் கல்லில் வைத்த, வேறு யாருக்கும் தெரியாத இந்த விஷயத்தைக் கருமாதி முடிந்த அன்று அமுதவல்லியிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனவள்தான். அதன் பிறகு பேச்சு இல்லை. மாதம் ஒருமுறை அரிசி வாங்கிக்கொண்டுபோய் வாசலில் வைப்பாராம். அவள் எடுத்துக்கொள்வாள், ஆனால் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்.

"கத்தி நல்லாத்தான் இருக்குதுக்கா. என் கைதான் நல்லால்ல. நாளைக்குப் படகுல எவனாவது குடுன்னு கைய நீட்டுனா, இது மறுபடியும் கீழ வெச்சிடுமோன்னு இருக்குது."

அவரைத் திட்டியதெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த மதகில் நான் நின்றிருந்தாலும் கல்லின் மேல்தான் வைத்திருப்பேன். அதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். தோப்புக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சரவணகுமாரிடம் சொல்லவும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அங்கே சமைக்கிற அமுதவல்லி காதுக்கும் அது எட்டியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து, காலையில் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள். அமுதவல்லி முன்னால், அவர் பத்தடி பின்னால். அவளாகத்தான் அவர் வீட்டு வாசலுக்குப் போய், அவர் மனைவி சின்னப்பாப்பாவிடம், அவரைக் கடைக்கு வரச்சொல்லுங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏன், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

எந்தக் கத்தி அக்கா என்று கேட்டாள். ஆரஞ்சுப் பிடியைக் காட்டினேன். உப்பில் ஊறவைத்ததையும் தேங்காய் நெம்பியதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைக்குள் கிடந்த நைலான் கயிற்றில் ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையைக் காலில் மிதித்து, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கத்தியை வைத்து இழுத்தாள். ஒரே இழுப்பில் அறுந்தது. அறுந்த முனையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். சகாதேவனுக்கும் தெரிந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் கத்தியைத் திருப்பினாள். அலகின் முதுகைத் தன் உள்ளங்கையில் வைத்து, பிடியை அவர் பக்கமாக நீட்டினாள்.

அவர் மேஜையைக் காட்டினார். "அங்க வெய்ம்மா. நான் எடுத்துக்குறேன்."

"வெக்க மாட்டேன்." இரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "கையில குடுத்தா பகை வரும்னு சொல்லுவாங்க. நமக்குள்ள இனிமே வர்றதுக்கு என்ன மாமா இருக்குது? கையில வாங்குங்க."

அவர் அசையவில்லை. அவளும் நீட்டிய கையை இறக்கவில்லை. தெருவில் பாண்டிச்சேரி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. நான் தெளித்த தண்ணீர் காயாத ஈரத்தில் நின்றுகொண்டு அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கடைசியில் அவர் வலது கையை நீட்டினார். விரல்கள் பிடியைச் சுற்றிக்கொண்டன. அவள் விடவில்லை.

"புடிச்சிக்கினீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க மாமா. தண்ணில தலைய ஆட்டுனா எனக்குத் தெரியாது."

"புடிச்சிக்கினேம்மா" என்றார்.

அதன் பிறகுதான் அவள் கையை விட்டாள்.